லேஞ்சி கட்டிய நாற்காலி

"அண்ணன் இப்பம் எந்தப் பக்கம் இருக்காவ அக்கா?"

கொண்டல் அரங்கத்தின் டிக்கெட் மேசைக்குப் பின்னாலிருந்து ஜெர்லின் இதைக் கேட்கும்போதெல்லாம் பிளாரன்ஸ் சில்லறை தேடுவதுபோலப் பைக்குள் குனிந்துகொள்வாள். பயம் என்று அதைச் சொல்ல முடியாது. பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்டால் ஒரு பதற்றம் வருமே, அந்த மாதிரி. பதிலை அவள் முன்னாலேயே யோசித்து வைத்திருப்பாள். உப்புக் கம்பெனியில் பாக்கெட்டுகள் அடைபடுவதை மேற்பார்வை பார்த்து நிற்கும் நேரத்தில், பஸ்ஸில், குளிக்கும்போது என்று வாரம் முழுக்க யோசித்திருப்பாள்.

"பின்லாந்துன்னு சொன்னாரு," என்றாள் போன ஆகஸ்டில், மாதா கோயில் திருவிழா முடிந்த கையோடு. "ஒரே குளிராம்."

"பின்லாந்தா! அங்கன உள்ள படம் நாம போட்டதே இல்லியே." ஜெர்லின் செல்போனில் குறித்துக்கொண்டாள். "தேடிப் பாக்கேன். மழைக்காலம் முடியதுக்குள்ள போட்டுருவோம்."

அவள் புருஷன் ஜெஸ்டின் பின்லாந்தில் இல்லை. எந்தக் கப்பலிலும் இல்லை. கொச்சியில் ஒரு வாடகை வீட்டில் வேறொரு பெண்ணோடு இருந்தான். பிளாரன்ஸுக்கு அது தெரிந்து ஆறு வருஷமாகிறது. தெரிந்த பிறகுதான் அவள் அவனை ஊர் ஊராக அனுப்ப ஆரம்பித்தாள். பிரேசில், போர்ச்சுகல், துருக்கி. ஒரு தடவை ஏதோ ஞாபகத்தில் ஹங்கேரி என்று சொல்லிவிட்டாள். ஜெர்லின் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரிக்கா," என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது என்பது பிளாரன்ஸுக்கு உறைத்தது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் அந்தப் படமும் வந்தது. நல்ல படம்.

தூத்துக்குடியின் கொண்டல் அரங்கம் ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்தது. ஜெர்லினின் அப்பா ரோச் கப்பலில் ரேடியோ ஆபீசராக வேலை பார்த்தவர். துறைமுகங்களில் மற்றவர்கள் இறங்கிக் குடிக்கப் போகும்போது அவர் சினிமாவுக்குப் போவார். பாஷை தெரியாத ஊர்களில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, பேச்சு புரியாமலே படம் புரியும் என்று கண்டுகொண்டார். கடலை விட்டு இறங்கியபோது, உடைக்கப் போன ஒரு கப்பலிலிருந்து வாங்கிய சின்ன புரொஜெக்டர் அவரோடு வந்தது. ஆத்தூரில் மூடிப்போன ஒரு டாக்கீஸின் மர நாற்காலிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கிட்டங்கிக்குள் வரிசையாகப் போட்டார். படப்பெட்டிகள் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வரும்.

பெரிய நடிகர்கள் படம் பார்க்க ஊரில் தியேட்டருக்குப் பஞ்சமில்லை. ரோச் காட்டியது வேறு. ஒரு கிழவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள். உரித்து முடியும் வரை கேமரா அசையாது. முதலில் வந்தவர்கள் கல்லூரி வாத்தியார்களும் இரண்டொரு மாதா கோயில் சாமியார்களும் கொஞ்சம் கட்சிக்காரப் பையன்களும்தான். மற்றவர்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. யாராவது வேலை செய்யாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், "என்னலே, ரோச் படம் ஓட்டுதியா?" என்று கேட்பது கடற்கரைத் தெருக்களில் இன்றைக்கும் உண்டு.

அரங்கத்தை நிரப்பியது கப்பல்காரர்களின் பெண்கள். யாரோ ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்தவள், திரையில் டிராம் வண்டி திரும்பிய தெருமுனையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கத்தினாளாம்: "இங்கனதான் எங்க வீட்டுக்காரரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்காரு!" படத்தை நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி போட்டுக் காட்டினார் ரோச். அதற்கப்புறம் டிக்கெட் கொடுக்கும்போதே கேட்க ஆரம்பித்தார்: உன் மாப்பிள்ளை எந்தப் பக்கம், உன் மகன் எந்தப் பக்கம். சொன்ன நாட்டுப் படத்தை எங்கேயாவது எழுதிப் போட்டு வரவழைப்பார். சென்னையில் இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கிறவர்கள் இயக்குநரின் பேரைச் சொல்லிப் பார்ப்பார்கள். இங்கே பெண்கள் தெருக்களைப் பார்த்தார்கள். மளிகைக் கடைகளை, படிக்கட்டுகளை, அந்த ஊர்ப் பெண்களை இன்னும் கொஞ்சம் உற்று.

லேஞ்சி கட்டும் வழக்கமும் அந்த நாட்களில் வந்ததுதான். கைக்குட்டைக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். கப்பலேறப் போகிறவன் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வருவான். முடிந்ததும் தன் நாற்காலியின் பலகையை மடக்கி, முதுகுச் சட்டத்தோடு சேர்த்துத் தன் லேஞ்சியால் கட்டிவிட்டுப் போவான். அவன் திரும்பி வரும்வரை அதில் யாரும் உட்காரக் கூடாது. வந்த பிறகு அவன் வீட்டுப் பெண் அவிழ்ப்பாள். வராமலே போய்விட்டால், பூசை வைத்த பிறகு, அப்போதும் அவள்தான் அவிழ்ப்பாள். வேறு கை பட்டால் தண்ணீரில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆகாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். ரோச் போன பிறகு ஜெர்லின் புதுப் புரொஜெக்டர் வாங்கினாள், கூரையில் ஓடுகளை மாற்றித் தகடு போட்டாள், லேஞ்சிகளை மட்டும் தொடவில்லை. தூசி தட்டும்போதுகூட அந்த நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

நாலாவது வரிசையில் ஓரத்து நாற்காலி ஜெஸ்டினுடையது. பக்கத்து நாற்காலி பிளாரன்ஸுடையது. ஜெஸ்டின் கப்பலில் சமையல்காரன். லீவில் வந்திருக்கும்போது படம் முழுக்க அவள் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பான். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அந்தப் பாலத்துக்கு அடியில் மீன் மலிவு, அந்த ஊரில் கொத்தமல்லி கிடைக்காது, இந்த மாதிரி. முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். அவள் அவன் தொடையைக் கிள்ளுவாள். அவன் மூச்சு காதில் படும் இடம் மட்டும் சூடாக இருக்கும். படம் முடிந்து வெளியே வந்தால் அந்தக் காது மட்டும் தனியாகக் குளிரும்.

கடைசியாக அவன் நீலக் கட்டம் போட்ட லேஞ்சியைக் கட்டிவிட்டுப் போனான். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்து, இன்னொன்று போட்டு, அதுவும் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. கொச்சியில் இறங்கிவிட்டதாகச் சொன்னான். இனி கப்பல் வேண்டாம் என்றான். அவள் சந்தோஷமாக, எப்போது வருகிறாய் என்று கேட்டாள். அப்போதுதான் அவன் மற்றதைச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. சண்டை எதுவும் நடந்திருக்கவில்லை. குறை சொல்லும்படி அவள் எதுவும் செய்ததாக அவனும் சொல்லவில்லை. பிள்ளை இல்லாததைச் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள்; அதைக்கூடச் சொல்லவில்லை. "நல்லா இரி," என்று மட்டும் சொன்னான்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவள் கொண்டலுக்குப் போனது வேறெங்கே போவது என்று தெரியாமல்தான். மேசைக்குப் பின்னாலிருந்து ஜெர்லின் வழக்கம்போலக் கேட்டாள். பிளாரன்ஸ் வாயைத் திறந்தாள். "ஸ்பெயின் பக்கம்னு நினைக்கேன்," என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பல தடவை தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். மானம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் தெருவில் யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவதுதான் அவள் வழக்கம்; அங்கே பொய் சொல்லத் தோன்றியதே இல்லை. வீட்டில் அவன் இல்லை. கோயிலில் பக்கத்தில் இல்லை. ரேஷன் கார்டில் பெயராக மட்டும் இருந்தான். கொண்டலின் இருட்டுக்குள் மட்டும் அவன் இன்னும் கடலில் இருந்தான். கடலில் இருக்கிற புருஷனுக்காகத் தனியாக இருப்பது இந்த ஊரில் ஒரு பெண்ணுக்குத் தெரிந்த வேலை. அதற்கு ஒரு முறை இருக்கிறது, ஒரு நாற்காலி இருக்கிறது, விசாரிக்க ஆள் இருக்கிறது. மற்றத் தனிமைக்கு எதுவும் இல்லை.

பின்லாந்துப் படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. சாயங்காலக் காட்சிக்கு முப்பது பேர் வந்திருந்தால் அதிகம். லேஞ்சி கட்டிய நாற்காலிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மடங்கி நின்றன. பின்வரிசையிலிருந்து ரீனா கையாட்டினாள். தையல் கடை வைத்திருப்பவள், பிளாரன்ஸோடு ஒன்றாகப் படித்தவள். அவளுடைய ஒரே மகன் ஆன்டனி எண்ணெய்க் கப்பலில் இருந்தான்.

"ஏளா, அவன்ட்டருந்து ஒரு வாரமாப் போனைக் காணல," என்றாள் ரீனா. "அங்கன எங்கயோ புயலாம். டிவியில சொல்லுதான்."

"டவர் இருக்காது. பேசுவான்."

"அதத்தான் நானும் சொல்லிக்கிட்டுக் கிடக்கேன்."

விளக்கு அணைந்து படம் தொடங்கியது. திரை முழுக்க வெள்ளை. ஒருவன் பனி வாரும் வண்டியை ஓட்டிக்கொண்டு நீளமான ரோட்டில் போகிறான். போய்க்கொண்டே இருக்கிறான்.

கதவுத் திரை விலகி யாரோ உள்ளே வந்தார்கள். ஈரச் செருப்புச் சத்தம். ஒரு பெரிய உருவம் இருட்டில் தடவிக்கொண்டு வந்து நாலாவது வரிசை ஓரத்தில் நின்றது. பிளாரன்ஸ் திரும்பினாள். அந்த ஆள் நாற்காலியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. முடிச்சைக் கண்டுபிடித்து, இரண்டு இழுப்பில் அவிழ்த்து, பலகையைத் தட்டிவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு கையில் இருந்த துணியை உதறி, அதனால் தலையை அழுத்தித் துவட்ட ஆரம்பித்தார். கழுத்தை, இரண்டு காதுகளின் பின்புறத்தை, கடைசியாக மூக்கை.

பிளாரன்ஸ் சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருக்க வேண்டும், நேரமும் இருந்தது. ஆனால் தொண்டைக்குள் வந்தது பேச்சல்ல, சிரிப்பு. இத்தனை வருஷமாகத் தூசி தட்டக்கூட யாரும் துணியாத ஒன்றால் ஒரு மனிதர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுதா தங்கச்சி?" அவர் துணியை நீட்டினார். வெற்றிலை வாசம் வந்தது. "சீட்டுல கட்டிக் கிடந்துச்சு."

"இல்ல அண்ணாச்சி," என்றாள் அவள்.

"அப்பம் வச்சுக்கிடுதேன். நல்ல மழை. ஆத்தூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு, சினிமான்னு போட்டிருக்கேன்னு உள்ள வந்தேன். லிங்கராஜ்னு பேரு, வெத்தல யாவாரம். என்ன படம் இது?"

"பின்லாந்து."

"ஓகோ." திரையைப் பார்த்தார். "எங்க பாத்தாலும் உப்பாக் கிடக்கு. இவ்வளவு பெரிய உப்பளமா?"

"பனி, அண்ணாச்சி."

"பனியா! அதான் ஒரு பயலையும் காணோம்."

முன்வரிசையில் யாரோ ச்சு என்றார்கள். லிங்கராஜ் ஈரச் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். படத்தில் வண்டிக்காரன் வீட்டுக்கு வந்தான். மனைவி தட்டை வைத்தாள். அவன் சாப்பிட்டான். கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்து அவருக்கு ஆகவில்லை போலிருந்தது. குனிந்து அவள் பக்கம் வந்தார்.

"ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?"

"ஆமா."

"பின்ன என்ன அவ மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான்? கோவமா?"

"கோவம் இல்ல."

"பின்ன?"

"கோவம் இல்லாமலும் பேசாம இருப்பாங்க அண்ணாச்சி," என்றாள்.

"அது ரொம்பக் கஷ்டம்லா," என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு.

அதற்கப்புறம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாய் யாருடையது, அந்தக் கிழவர் எதற்கு ஏரியில் ஓட்டை போடுகிறார், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது. தன் குரல் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி எத்தனை நாளாகிறது என்று அவளுக்கு இடையில் தோன்றியது. கம்பெனியில் பேசுவது உண்டு; அது மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துவது. இங்கே, தாழ்ந்த குரலில், ஒரு ஆள் குனிந்து கேட்கும் தூரத்தில் பேசுவது மறந்தே போயிருந்தது. அந்த ஆள் யார் என்பது பெரிதாகத் தெரியவில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வெற்றிலை வியாபாரியின் ஈரச் சட்டைக்குப் பக்கத்தில் தன் உடம்பு ஏதோ வீடு திரும்பினது மாதிரித் தளர்ந்திருக்கிறதே என்று பயமாகவும் இருந்தது. எவ்வளவு காய்ந்து கிடந்தால் இவ்வளவு சின்னத் தூறலுக்கு மணம் வரும்.

இடைவேளை விளக்கு எரிந்தது. டீக்காரர் முத்துச்செல்வம் தட்டோடு உள்ளே வந்தார். லிங்கராஜ் எழுந்து சோம்பல் முறித்து, நீலக் கட்ட லேஞ்சியால் இன்னொரு தடவை கழுத்தைத் துடைத்தார்.

பின்வரிசையில் ஒரு டம்ளர் விழுந்தது.

"யாரு அத அவுத்தது?" ரீனா நின்றுகொண்டிருந்தாள். "யோவ், உன்னத்தான். அந்த லேஞ்சிய யாரு அவுத்தது?"

"எது, இந்தத் துணியா? சீட்டக் கட்டிப் போட்டிருந்துச்சும்மா..."

"கப்பல்ல போனவன் லேஞ்சிய எடுத்துத் தலையத் துவட்டிக்கிட்டு நிக்கான் பாருங்க! மாதாவே!" அவள் குரல் உடைந்தது. "எம்புள்ள தண்ணியில கிடக்கான். ஒரு வாரமா ஒரு சத்தத்தக் காணும். இந்த நேரத்துல வந்து கை வச்சிருக்கியே, நீ வெளங்குவியா?"

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். யாரோ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். லிங்கராஜ் கையில் இருந்ததைப் பாம்பைப் பிடித்தது போல விலக்கிப் பிடித்தார். "சத்தியமாத் தெரியாது தாயி. நான் ஆத்தூர்க்காரன், எனக்கு ஆத்துத் தண்ணி ஒண்ணுதான் தெரியும். இதுல இவ்வளவு விஷயம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே."

"ஏளா பிளாரன்ஸ், நீ பக்கத்துலதான இருந்த? வாயத் தொறந்து சொன்னா என்ன?" என்றாள் ஒரு கிழவி.

ரீனா நாற்காலிக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவளுடைய விரல்கள் செல்போனில் மகன் நம்பரை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தன. பிளாரன்ஸால் அந்த விரல்களைப் பார்க்காமலிருக்க முடியவில்லை.

சொல்வதற்கு எளிதான ஒன்று நாக்கு நுனியில் வந்து நின்றது. ஜெஸ்டின் இறங்கிவிட்டார், நானே அவிழ்க்கத்தான் இருந்தேன், இவர் முந்திக்கொண்டார். போதும். ரீனா மூச்சு விடுவாள். இத்தனை நாடுகளுக்கு அனுப்பியவள் ஒரு தடவை தூத்துக்குடிக்கும் வரவழைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அவனை இந்தக் கரையில் இறக்கிவிட்டால், வாசலில் பெட்டியோடு நிற்கிறவனாக ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நினைத்துப் பார்த்தாள். அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது.

"ரீனா," என்றாள். "இங்க பாரு. அது கப்பல்காரன் லேஞ்சி இல்ல."

"என்ன சொல்லுத?"

"ஜெஸ்டின் கடல்ல இல்ல. கொச்சியில கரையில இருக்கான். ஆறு வருஷமா அங்கனதான். அங்க அவனுக்கு வீடு இருக்கு, ஆளு இருக்கு. வரமாட்டான். நான் பொய் சொன்னேன்." குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தாள், தட்டையாக, கம்பெனியில் ஷிப்ட் மாற்றிச் சொல்வது போலத்தான் வந்தது. "அதனால யாரு கை பட்டாலும் ஆன்டனிக்கு ஒண்ணும் ஆகாது. அது சும்மா கட்டிக் கிடந்த துணி."

யாரும் ஆச்சரியப்படவில்லை. முத்துச்செல்வம் தட்டில் இருந்த டம்ளர்களை நேராக நகர்த்தினார். அந்தக் கிழவி கீழே பார்த்தாள். ஜெர்லின் புரொஜெக்டர் அறைக் கதவில் சாய்ந்து நின்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்போது பிளாரன்ஸுக்குப் புரிந்தது.

ரீனா மூக்கை உறிஞ்சினாள். "அது தெரியும்ளா," என்றாள் மெல்ல. "கொச்சிக்குப் போறவங்க வாரவங்க சொல்லாமயா இருப்பாங்க? ஆனா நீ அவுக்கலியே. வீட்டுக்காரி அவுக்காத வரைக்கும் அது லேஞ்சிதான?"

இத்தனை பேரும் தெரிந்துகொண்டே அந்த நாற்காலியைச் சுற்றி நடந்திருக்கிறார்கள். பிளாரன்ஸ் லிங்கராஜிடம் கையை நீட்டினாள். அவர் இரண்டு கைகளாலும் கோயிலில் கொடுப்பது போலக் கொடுத்தார். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, வெற்றிலை வாசத்தோடு இருந்தது.

"சரி. இப்பம் நான் எடுத்துட்டேன்," என்று ரீனா பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள். "முடிஞ்சுது. போதுமா?"

ரீனா தலையாட்டினாள். பிறகு அழுதாள். மகனுக்காக அழுகிறாளா, எதற்காக என்று சொல்ல முடியவில்லை.

லிங்கராஜ், "நான் பஸ்ஸப் பாக்கேன்," என்று எல்லாரையும் பொதுவாகக் கும்பிட்டார். பிளாரன்ஸிடம் குனிந்து, "கடைசில அவன் பேசுவானா தங்கச்சி?" என்றார்.

"தெரியல அண்ணாச்சி. நான் இன்னும் பாக்கலியே."

"பேசட்டும்," என்று சொல்லிவிட்டு மழைக்குள் போனார்.

அவள் புரொஜெக்டர் அறைக்குப் போனாள். ஜெர்லின் ஏதோ ஒயரைச் சரிசெய்வது போலக் குனிந்திருந்தாள்.

"உனக்கும் தெரியும்."

"தெரியும்க்கா."

"பின்ன எதுக்கு என்ட்ட ஊரு ஊராக் கேட்ட?"

"நீங்க சொல்ல ஆசப்பட்டீங்க. கேட்டேன்." ஜெர்லின் நிமிராமலே சொன்னாள். "நீங்க சொன்ன ஊருப் படம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஹங்கேரி எவ்வளவு நல்ல படம்."

சிரிக்க வைப்பதற்காகச் சொன்னது. பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. இரக்கத்தோடுதான் செய்திருக்கிறார்கள், ஒருத்தரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை விடவில்லை. ஆனால் அந்த நிமிஷம் அவளுக்கு இருந்தது வேறு: இருட்டு என்று நம்பித் துணி மாற்றிக்கொண்டிருந்த அறையில் முதலிலிருந்தே விளக்கு எரிந்திருக்கிறது. தனியாக இருந்ததுகூட அவளுடையதாக இருக்கவில்லை. அதையும் ஊர் கூடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"படத்தப் போடு," என்றாள்.

மீதிப் படத்தை அவள் நாலாவது வரிசையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். பக்கத்து நாற்காலியின் பலகை இப்போது மடங்கி நிற்கவில்லை. மடக்கி விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரிந்து விரிந்துகொண்டது. இரண்டு தடவை மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பனி வாரும் வண்டிக்காரன் கடைசிவரை பேசவில்லை. அவன் மனைவி ஒரு காலையில் அந்த ரோட்டில் எதிர்ப்பக்கமாக நடந்து போனாள். அவ்வளவுதான் படம். வெளியே வந்தபோது அவளோடு நடக்கப் பலர் காத்திருந்தது போலத் தெரிந்தது. அவள் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

அந்த வாரத்திலேயே ஆன்டனி போனில் பேசிவிட்டான். ரீனா கம்பெனி வாசலுக்கே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, பிளாரன்ஸின் ரவிக்கைத் தோள் இறங்கியிருக்கிறது, கொண்டுவந்து கொடு, தைத்துத் தருகிறேன் என்றாள். லேஞ்சியைப் பிளாரன்ஸ் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, அடுப்படியில் பாத்திரம் பிடிக்க வைத்துக்கொண்டாள். அழுவோம் என்று இரண்டு ராத்திரி காத்திருந்தாள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க, இனி அங்கே எதற்குப் போவது என்ற கேள்விதான் பெரிதாகிக்கொண்டு வந்தது. எந்தத் தெருவிலும் தேட அவளுக்கு ஆள் இல்லை. எந்த நாட்டின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. படம் பார்ப்பதற்காக மட்டும் படம் பார்க்கப் போவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

போனாள். ஜெர்லின் டிக்கெட்டைக் கொடுத்தாள். "வாங்கக்கா," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத இடம் மேசைக்கு மேல் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாலாவது வரிசை ஓரம் வரை போய், நிற்காமல் தாண்டினாள். எங்கே உட்காருவது தனக்குப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவுப் பக்கம் ஓரமாக உட்கார்ந்தது ஜெஸ்டினுக்காக. அவனுக்கு நடுவில் எழுந்து போய் பீடி பிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்னால் போய், நடுவாகப் பார்த்து உட்கார்ந்தாள். திரை ரொம்பப் பெரிதாக இருந்தது. இரண்டு பக்கமும் காலி நாற்காலிகள்.

விளக்கு அணையப் போகும் நேரத்தில் ஒரு புருஷன், மனைவி, அவன் அம்மா என்று மூன்று பேர் அந்த வரிசைக்குள் நுழைந்தார்கள். ஊருக்குப் புதுசு, பேச்சில் தெரிந்தது. அவர்கள் வந்த பக்கம் இரண்டு இடம்தான் காலியாக இருந்தது. அந்தப் பெண் தயங்கி நின்றாள்.

"உங்ககூட யாராச்சும் வர்றாங்களா?"

"இல்ல," என்றாள் பிளாரன்ஸ். "நான் மட்டுந்தான்."

"ஒண்ணு தள்ளி உக்காந்தீங்கன்னா நாங்க சேர்ந்து இருந்துக்குவோம்."

பிளாரன்ஸ் எழுந்து பையை எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். பலகை குளிர்ந்து கிடந்தது. விளக்கு அணைந்தது.